ஐந்தாம் மாத மேடு

இன்னும் வந்து சேராத ஆட்களை எண்ணுவதுதான் என் தொழில். ஆயுள் காப்புறுதி எடுத்த ஒருவர் மௌத்தாகிறார். பணம் கேட்டு அவர் குடும்பம் அடுத்த மாதமும் வரலாம், ஆறு மாதம் கழித்தும் வரலாம். அப்படிப் பிந்தி வரப்போகிறவர்களுக்காக இப்போதே எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று பழைய கணக்குகளைப் பார்த்து மதிப்பிடுவேன். கல்முனையில் வீட்டு அறையில் இருந்தபடி ஒரு கொழும்புக் கொம்பனிக்கு அதைச் செய்துகொண்டிருந்தேன். அயலில் யாராவது கேட்டால் உம்மா, "மகன் கொம்பியூட்டர்ல வேல" என்று முடித்துவிடுவா.

இந்த மதிப்பீட்டுக்கென்றே ஒரு திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. பல நாடுகளில் இருந்து ஆட்கள் சும்மா எழுதிக் கொடுப்பார்கள், யாரும் சும்மா எடுத்துப் பாவிக்கலாம். அதில் என் பெயரும் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசையென்ன, பைத்தியம்.

எங்கள் கொம்பனியின் கரையோரக் கிளைகளின் கணக்கில் ஒரு விசித்திரத்தைக் கண்டிருந்தேன். மௌத்து நடந்த முதல் மாதத்தில் கொஞ்சம் கோரிக்கைகள் வரும், பிறகு வடிந்துபோகும், ஐந்தாம் மாதத்தில் திடீரென்று ஒரு மேடு. கிளையில் இருக்கிற லிகிதர்கள் கோவைகளை அடுக்கி வைத்துவிட்டு நினைத்தபோது பதிகிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஒவ்வொரு மௌத்துக்கும் சரியாக ஐந்தாம் மாதம் பார்த்து எப்படிச் சோம்பல் முறிப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. படித்தவன் அல்லவா.

இப்படியான மேடுகளைப் பிழையென்று எடுத்துத் தட்டிச் சமமாக்கும் கோட் ஒன்றை அந்த மென்பொருளுக்கு எழுதி அனுப்பினேன். பாவிப்பவர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அது தானாகவே வேலை செய்யும். மேடு போனால் எடுத்து வைக்க வேண்டிய தொகையும் குறைந்துவிடும்.

அதைச் சரிபார்த்தவர் எங்கோ தூர நாட்டில் இருந்த ஒரு பெண். ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: ஐந்தாம் மாதம்வரை மக்கள் காத்திருப்பதற்கு ஏதாவது காரணம் இருக்குமா? நான் பதில் எழுதினேன்: "இல்லை. நான் அந்த ஊர்க்காரன், எனக்குத் தெரியும். அலுவலகச் சோம்பல்தான்." ஊர்க்காரனே சொன்ன பிறகு அவர் என்ன கேட்பார்? கோட் சேர்க்கப்பட்ட அன்று கூட்டாளிகளுக்குக் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

சில மாதங்களில் வேறொரு நாட்டில் இருந்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது, மௌத்தாகும் அங்கத்தவரின் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கிற, கடற்கரை முஸ்லிம்களின் சிறிய நலநிதி ஒன்று. உங்கள் கோட் மிக உதவி, தேவைக்கு மேல் பணத்தை முடக்கி வைத்திருந்தது தெரியவந்தது, மிச்சத்தை அங்கத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். நான் அதை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டினேன்.

அடுத்த வருடம் மச்சான் மௌத்தானார், என் மூத்த சகோதரி ராத்தாவின் மாப்பிள்ளை. நிந்தவூர் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனவர் நெஞ்சு நோகுதென்று திரும்பி வந்தார். அஸர் தொழுகைக்கு முன்னம் எல்லாம் முடிந்துவிட்டது. ராத்தா வெள்ளை உடுத்து, கைம்பெண் வீட்டோடு அடங்கியிருக்கிற இத்தாவில் இருந்தா. பத்து நாள் கழித்துக் காப்புறுதிப் படிவத்தோடு அவ முன்னால் போய் நின்றேன்.

"இத வெச்சிட்டுப் போ தம்பி. இத்தா முடியட்டும்."

"வீட்டில இருந்தே கையெழுத்துப் போடலாம் ராத்தா. மார்க்கத்தில தடையில்ல."

"தடையில்லண்டு எனக்கும் தெரியும். மனிசன் மண்ணுக்குள்ள போய்ப் பத்து நாள், அவர்ர காசுக்குக் கையெழுத்துப் போடுற பொம்புள நானில்ல. ஆரு போட்டிருக்கா, சொல்லு?"

ஊரில் எந்தப் பெண்ணும் போடுவதில்லை. இத்தா நாலு மாதம் பத்து நாள். அது முடிந்தால் ஐந்தாம் மாதம். படிவத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன். நான் தட்டிச் சமமாக்கியது எங்கள் கைம்பெண்களை.

அன்றே திருத்தம் எழுதி அனுப்பினேன். கேள்வி கேட்ட பெண் விலகிப் போயிருந்தார். புதிய பொறுப்பாளர்கள் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள்: இதைப் பலர் பாவிக்கிறார்கள், சட்டென்று மாற்றினால் எல்லாருடைய கணக்கும் மாறும், ஒரு குடும்பத்தின் கதை சான்றாகாது, தரவு தாருங்கள். தரவு கொம்பனியுடையது. நான் அங்கிருந்து விலகியும் ஆறு மாதம். கொம்பனியிடம் மன்றாடிக் கேட்டேன், தர முடியாதென்றார்கள். நலநிதிக்கு மூன்று முறை எழுதினேன், பதிலில்லை. பிரித்துக் கொடுத்த பணம் திரும்பி வரவா போகிறது? அங்கே எத்தனை பெண்கள் இத்தா முடித்து வந்து வெறும் பெட்டிக்கு முன்னால் நிற்கிறார்களோ, எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. என் திருத்தம் இன்னும் யாரும் முடிவெடுக்காமல் அப்படியே கிடக்கிறது. அதற்கு மேலே, எவரும் வாசிக்கும்படி, அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிய பழைய பதிலும் கிடக்கிறது.

இத்தா முடிந்த கிழமை ராத்தாவை என் பழைய கொம்பனியின் கிளைக்குக் கூட்டிப் போனேன். கருமபீடத்தில் பாண்டிருப்பு அக்கா ஒருவர், நெற்றியில் திருநீறு. நான் உலகத்துக்கே சோம்பேறி என்று எழுதிக் கொடுத்த லிகிதர்களில் ஒருவர்.

"வாங்க தங்கச்சி. இந்தக் கிழமை வருவீங்கண்டு தெரியும்" என்று மேலேயே வைத்திருந்த, மச்சானின் பெயர் எழுதிய கோவையை எடுத்தார்.

"எப்படி அக்கா தெரியும்?" என்று கேட்டேன்.

"இதென்ன தம்பி கேள்வி? உங்கட ஆக்கள் இத்தா முடிஞ்சுதானே வருவாங்க. மௌத்துச் செய்தி கேட்டா நான் கலண்டரில குறிச்சி வெச்சிருவன்."

ராத்தா கையெழுத்துப் போட்டா. அக்கா படிவத்தை என் பக்கம் திருப்பி, சாட்சிக்கான இடத்தில் விரலை வைத்தார்.

"நீங்க ஊர்க்காரர்தானே, இதில ஒரு கையெழுத்து."

'மேற்படி விபரங்கள் யாவும் எனக்கு நேரடியாகத் தெரியும்' என்று அங்கே அச்சிட்டிருந்தது. பேனையைப் பிடித்துக்கொண்டு அந்த வரியையே பார்த்திருந்தேன்.

"போடு தம்பி," என்றா ராத்தா, "அவ காத்துக்கொண்டிருக்கிறா."