பித்தளைத் தலை தேடிய ஞாயிறுகள்

மொந்தேவிதேயோ நகரத்தில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் எல்பியோ செக்கெய்ரா. அவன் மனைவி நயீர் பள்ளிக்கூடங்களில் வகுப்புப் படம் எடுப்பவள். வெள்ளை அங்கியும் கழுத்தில் நீல ரிப்பன் முடிச்சுமாகப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, எதிரே கனத்த மரக்கால்கள் மூன்றையும் விரித்து, மேலே கேமராவைப் பூட்டுவாள். அந்த ஸ்டாண்டு அவளுடைய அப்பா காலத்தது.

நயீருக்கு நுரையீரல் கெட்டு மாடிப்படி ஏற முடியாமல் போனதும், கீழ்த்தள வீடு ஒன்றுக்கு மாறினார்கள். சாமான் இறக்கும்போது எல்பியோவின் கை வழுக்கி, ஸ்டாண்டு படிகளில் உருண்டது. கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேமராவைத் தாங்கும் பித்தளைத் தலை இரண்டாகப் பிளந்துவிட்டது.

"போனாப் போவுது விடு. இனிமே எனக்கு எதுக்கு அது?" என்றாள் நயீர்.

அந்த வார்த்தை எல்பியோவைக் குடைந்தது. அடுத்த ஞாயிறே அதே மாதிரித் தலை ஒன்றைத் தேடி, பழைய சாமான் விற்கும் த்ரிஸ்தான் நர்வாகா தெருச் சந்தைக்குக் கிளம்பினான். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் போய், சந்தை கலைந்தபிறகுதான் வீடு திரும்புவான். தலைகள் கிடைக்கத்தான் செய்தன. ஒன்றின் துளை சிறிது, இன்னொன்றின் மரை சேரவில்லை. லேத் பட்டறைக்காரன் ஒருவன் புதிதாகவே கடைந்து கொடுத்தான். கேமராவின் கனத்தில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பழைய கேமரா சாமான் விற்கும் அதெமார் கேலி பண்ணுவான்: "வாங்கண்ணே, இன்னிக்கும் ஆஜரா? பேசாம ஒரு புது ஸ்டாண்டு வாங்கிட்டு, நிம்மதியா வீட்ல உக்காந்து மாத்தே டீ குடிக்கலாம்ல?"

"புதுசு அவளுக்கு எதுக்குடா? இது அவ அப்பாவோடது."

ஒருமுறை நயீர் கேட்டாள்: "இந்த ஞாயிறு போகாதயேன். கடலோரமா கொஞ்சம் உக்காந்துட்டு வரலாம்."

"இந்த வாரம் கிடைச்சிரும்னு அதெமார் சொல்லியிருக்கான்" என்றான். அவள் மறுபடி கேட்கவில்லை.

பதினாலு மாசம் கழித்து, செப்டம்பரில் அது கிடைத்தது. மினாஸ் ஊரிலிருந்து வந்த உடைந்த ஸ்டாண்டு ஒன்றில் தலை மட்டும் முழுசாக இருந்தது. எல்பியோ கூடவே கொண்டுபோயிருந்த பழைய ஸ்டாண்டின் திருகாணியைப் போட்டுப் பார்த்தான். வெண்ணெயாக இறங்கியது.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பக்கத்து வீட்டு மிர்த்தா நின்றிருந்தாள். "நயீருக்கு மூச்சு முட்டிருச்சுப்பா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீ எங்க இருக்கேன்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே உட்கார்ந்து, பித்தளைத் தலையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். நயீர் அதைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "எல்பியோ, அந்த ஸ்டாண்டு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதைத் தூக்கித் தூக்கியே தோள் போச்சு" என்றாள்.

"அதை ஏன் அப்பவே சொல்லல?"

"நோயாளியோட நாள் பூரா அடைஞ்சு கிடக்க உன்னால முடியலயோன்னு நெனச்சேன். வெளிய போறதுக்கு உனக்கு ஒரு சாக்கு வேணும்ல. சொன்னா அதுவும் போயிருமே."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டான். அவன் சொல்ல நினைத்ததை அவள் புரிந்துகொண்டாளா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. வியாழக்கிழமை விடியும் முன் அவள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை எல்பியோ வீட்டிலேயே இருந்தான். அந்த வீட்டில் ஒரு ஞாயிறு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தான். பதினோரு மணிக்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து நயீரின் நாற்காலியில் விழுந்தது. எதிர்வீட்டு ரேடியோவில் கால்பந்து வர்ணனை ஓடியது. மூன்று மணி வாக்கில் வெயில் நாற்காலியை விட்டு நகர்ந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை. அவன் இன்னொரு நாற்காலியை இழுத்து அவளுடையதன் பக்கத்தில் போட்டு, இருட்டும்வரை அதில் உட்கார்ந்திருந்தான்.