இரண்டாம் தரம் குத்திய குளவி

எங்கள் வளவில் நின்ற அன்னமுன்னா மரத்தில் குளவி கூடு கட்டியபோது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. உருத்திரபுரத்தில் அப்பாவுக்குக் குடியேற்றக் காணி கிடைத்து, நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டின் பின்புறம் வாய்க்கால், அதற்கு அப்பால் வயல், வயல் முடிகிற இடத்தில் காடு. அப்படித்தான் எனக்கு ஞாபகம். அம்மாவைக் கேட்டால் வாய்க்கால் வீட்டுக்கு முன்னால் ஓடியது என்பார். மற்றதெல்லாம் சரியாக ஞாபகம் இருக்கிறது என்றுதான் நம்புகிறேன். அது மறக்கக்கூடிய காரியம் அல்ல.

அந்தக் குளவி தம்பியை ஏற்கெனவே ஒரு தரம் குத்தியிருந்தது. காதுமடல் வடை அளவுக்கு வீங்கியது. அம்மா சுண்ணாம்பு தடவினார். அடுத்த நாள் வீக்கம் வற்றிவிட, அதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வயலில் நெல் அருவி வெட்டு முடிந்ததும் பந்தம் பிடித்துக் கூட்டைக் கொளுத்துவதாக அப்பா சொன்னார். அதுவரை ஒருவரும் அந்த மரத்தடிக்குப் போகக் கூடாது என்பது கட்டளை. நான் கட்டளை மீறாத பிள்ளை. மீற வேண்டுமென்றால் எனக்கு ஒரு நியாயம் வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அந்த நியாயம் சைக்கிளில் வந்து சேர்ந்தது.

பெரியம்மை வராமல் இருக்க அம்மைப்பால் குத்துகிறவர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். காக்கிக் கால்சட்டை, தகரப் பெட்டி, பெட்டிக்குள் சின்னதொரு ஸ்பிரிட் விளக்கு. ஊசியை அவர் அந்தச் சுவாலையில் காட்டியதைக் கண்டதும் வரிசையின் நடுவில் நின்ற ஒருத்தி அழத் தொடங்கினாள். அழுகை இரண்டு பக்கமும் பரவியது. வாத்தியார் பிரம்பை எடுத்தார். வந்தவர் அவரைக் கையமர்த்திவிட்டு எங்களோடு கதைக்கத் தொடங்கினார்.

"உங்கட அப்பாமார் வயலுக்குக் காவலுக்குப் போறவையோ?"

"ஓம்" என்று அழுகைக்கு நடுவே சொன்னோம்.

"காட்டுப் பண்டி ஒருநாள் வேலிப் பொட்டுக்குள்ளால வந்து வயலை உழக்கிப்போட்டுப் போகுது. அடுத்தநாள் காவல்காரன் எங்க இருப்பான்?"

"பொட்டடியில!"

"பொல்லோட! ஏன்? அவன் பண்டியையும் கண்டிட்டான், அது வந்த வழியையும் கண்டிட்டான். உங்கட உடம்புக்குள்ளயும் அப்பிடிக் காவல்காரர் இருக்கினம். ஒருக்காக் கண்ட கள்ளனை மறக்கமாட்டினம். நான் இப்ப ஒரு பண்டிக்குட்டியை அவைக்குக் காட்டிப்போட்டுப் போறன். பிறகு பெரிய பண்டி வந்தாலும் அடிச்சுக் கலைப்பினம்."

"நோகுமோ ஐயா?"

"நோகாட்டி காவல்காரன் எப்பிடியடி முழிப்பான்?"

நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தபோதே முதல் ஆளின் மேற்கையைக் கீறிவிட்டார்.

அவர் சொன்னதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருந்தது. முந்தின வருடம் எனக்குச் சின்னமுத்து அம்மை வந்து போனது. பிறகு தம்பிக்கு அது வந்தபோது, தடுக்கத் தடுக்க நான் அவனுடைய பாயிலேயே போய்க் கிடந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது இப்போதல்லவா தெரிந்தது! வீட்டுக்கு வந்து தம்பியை வாங்கில் இருத்தி, அவன் தன் காதால் கேட்ட அதே கதையை இன்னொரு முறை முழுதாகச் சொல்லிக் கொடுத்தேன். அவன் வாய் திறந்தபடி கேட்டான். வேறொருவர் சொன்னதை நான் திருப்பிச் சொன்னால்தான் அவனுக்கு அது உண்மை. அப்படி ஒரு தம்பி எனக்கு வாய்த்திருந்தான். அந்த வயதில் அதை நான் என்னுடைய கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

மூன்று நாலு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை. அப்பா வயலில், அம்மா குசினியில். அன்னமுன்னா மரத்தின் தாழ்ந்த கொப்பில் ஒரு பழம் வெடித்து, வெள்ளையாகச் சதை தெரிந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் விட்டால் அணில் முந்திவிடும். பழத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குளவிக்கூடு. நான் கிணற்றுக்கட்டில் இருந்து யோசித்தேன். கணக்குப் போல அது தெளிவாக வந்தது.

"தம்பி, நீ போய் ஆய்ஞ்சு கொண்டு வா."

"குளவி?"

"உனக்கு ஒருக்காக் குத்திப்போட்டுதுதானே. இனி உன்னை ஒண்டும் செய்யாது. எனக்குத்தான் இன்னும் குத்தேல்லை. நான் போனாத்தான் வீங்கும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "குளவிக்கும் அப்பிடியோ அக்கா?"

"எல்லாத்துக்கும் அப்பிடித்தான் எண்டு ஐயா சொன்னவர் எல்லோ."

"மெய்யாவோ?"

"மெய்யா."

அவன் பழம் பறிக்கிற கொக்கத்தடிகூட எடுக்கவில்லை. காவல்காரர் உள்ளவனுக்குத் தடி எதற்கு? நிமிர்ந்து நடந்து போய், கொப்பை இழுத்துப் பழத்தைப் பிடுங்கினான். கொப்பு ஆடியது. இரண்டு குளவிகள் அவனைக் குத்தின, ஒன்று கழுத்தில், ஒன்று முழங்கையில். அவன் "ஆ" என்றான். அழவில்லை. பழத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"நோகுதுதான் அக்கா. ஆனா பரவாயில்லை."

பழத்தை இரண்டாகப் பிய்த்துத் தின்றோம். பெரிய பாதியை அவனுக்குக் கொடுத்தேனா என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். கொடுத்ததாகத்தான் ஞாபகம். கொடுத்திருக்க வேண்டும்.

பாதி தின்னும்போதே அவன் உள்ளங்கையைச் சொறியத் தொடங்கினான். பிறகு வயிற்றை. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். சிவந்த தடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருந்தன. உதடு தடித்தது. கண் இமை மூடிக்கொண்டது. தின்ற பழத்தை வாந்தி எடுத்தான். மூச்சு இழுக்கும்போது ஒரு சத்தம் வந்தது, அப்பா ஊதி விளையாட்டுக் காட்டும் பூவரசம் இலைக் குழலின் சத்தம்.

"அக்கா," என்றான், குரல் அவனுடையதாக இல்லை. "காவல்காரர் வரேல்லை."

"வருவினம்," என்றேன். "கொஞ்சம் பொறு."

அதைச் சொன்னவள் நான்தான். எவ்வளவு நேரம் பொறுத்தோம் என்று தெரியாது. ஒரு நிமிடம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். அவன் கிணற்றுக்கட்டில் சாய்ந்த பிறகுதான் "அம்மா" என்று கத்தினேன்.

அம்மா வந்தார், பார்த்தார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாய்க்கால் கரையில் ஏறி நின்று அப்பாவைக் கூப்பிட்ட அந்தக் குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அப்பா சேற்றுக் காலோடு சைக்கிளை எடுத்தார். அம்மா பின்னால் ஏறித் தம்பியை மடியில் போட்டுக்கொண்டார். "நீ வீட்டில நில்லு" என்று அப்பா சொன்னது எனக்குக் கேட்டது. கட்டளை மீறாத பிள்ளை சைக்கிளுக்குப் பின்னால் ஓடினாள்.

ஆசுப்பத்திரி ஒன்றரை மைல் தூரம். பெரிய டாக்டர் கிடையாது, அப்போத்திக்கரி ஒருவர்தான். சைக்கிள் சிறிதாகிச் சிறிதாகிக் கண்ணிலிருந்து மறைந்தது. வற்றாப்பளை அம்மாளாச்சியை நினைத்து, தம்பிக்கு ஒன்றும் ஆகாவிட்டால் இனி வாழ்நாளில் அன்னமுன்னாப் பழம் தின்னமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு ஓடினேன். பாதி வழியில் அது போதாதோ என்று பயம் வந்தது. மாம்பழத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

நான் வாசலில் போய் நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்போத்திக்கரி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை உடைத்து ஊசி போட்டிருந்தார். தம்பி கட்டிலில் அம்மாவின் மேல் சாய்ந்திருந்தான். கையும் காலும் நடுங்கின, நெஞ்சு குருவிக்குஞ்சின் நெஞ்சுபோல அடித்தது. ஆனால் மூச்சில் அந்தச் சத்தம் இல்லை.

அப்பா அப்போதுதான் வியர்வையைத் துடைத்தார். துடைத்துவிட்டுக் கேட்டார்.

"ஆரடா உன்னை அந்த மரத்தடிக்கு விட்டது?"

தம்பியின் ஒரு கண் முழுதாக மூடியிருந்தது. மற்றக் கண்ணால் வாசல் பக்கம் பார்த்தான்.

"நானாத்தான் போனனான்" என்றான்.

விஷம் ஏறினதில் அவனுக்கு எல்லாம் மறந்துபோயிற்று என்று நான் நினைத்தேன். மனதுக்குள் அம்மாளாச்சிக்கு நன்றி சொன்னேன். என்ன பிள்ளை நான்!

ஆனால் ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. அப்போத்திக்கரி கை கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் மெதுவாகக் கேட்டேன்.

"ஐயா, இவன்ர காவல்காரர் ஏன் வரேல்லை?"

"என்ன காவல்காரர்?"

சொன்னேன். பண்டி, பண்டிக்குட்டி, வேலிப் பொட்டு எல்லாம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஓ, பள்ளிக்கூடத்துக்கு வந்தவற்ற கதையோ! அவை வந்தவை பிள்ளை. வந்ததுதான் கரைச்சல். முதல்தரம் குத்தேக்க குளவியை வடிவாப் பார்த்து வச்சிட்டினம். இந்தமுறை கண்ட உடனே பதறிப்போய், முயல் கலைக்கிறதுக்குச் சூட்டுக்கே நெருப்பு வச்சிட்டினம்."

அறுத்த கதிரைக் குவித்து வைப்பதைத்தான் எங்கள் பக்கத்தில் சூடு என்போம். ஒரு குடும்பத்தின் அந்தப் போகம் முழுவதும் அதில் இருக்கும். எனக்கு அது எரிவது தெரிந்தது.

"அப்ப அம்மைப்பாலும் அப்பிடிச் செய்யுமோ?"

"சீச்சீ, அது நல்ல காவல்."

"எது நல்ல காவல், எது நெருப்பு வைக்கிற காவல் எண்டு எப்பிடி ஐயா தெரியும்?"

அவர் துவாயில் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. "அது எனக்கும் வடிவாத் தெரியாது பிள்ளை" என்றார். பிறகு அப்பாவிடம் திரும்பி, இனி இவனைக் குளவிப் பக்கமே விடக் கூடாது, அடுத்த முறை இதைவிட மோசமாக வரலாம், குத்தினால் ஒரு நிமிடம்கூடச் சுணங்காமல் தூக்கி வர வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். அன்று பொழுதுபடுகிற நேரம் அப்பா கூட்டைக் கொளுத்தினார். தம்பியை அம்மா உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்.

அடுத்த கிழமை, அம்மைப்பால் பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சைக்கிள்காரர் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி வந்தார். என் கையில் கொப்புளம் நன்றாக எழும்பியிருந்தது. "காவல்காரர் கெட்டிக்காரர்" என்றார். நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:

"ஐயா, எல்லாத்துக்கும் அப்பிடி இல்லையாம்."

அவர் புருவத்தை உயர்த்தினார். "நான் எப்ப பிள்ளை எல்லாத்துக்கும் எண்டு சொன்னனான்?"

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்லவில்லை. அந்த ஒரு சொல் என்னுடையது.

அதற்குப் பிறகு தம்பியிடம் ஒரு பழக்கம் வந்தது. நான் எதைக் கொடுத்தாலும், எதைச் செய்யச் சொன்னாலும், "அக்கா, இது முதல் தரமோ ரெண்டாம் தரமோ?" என்று கேட்பான். தட்டில் பிட்டு வைத்தால் கேட்பான். வாய்க்காலைத் தாண்டச் சொன்னால் கேட்பான். கேட்டுவிட்டு ஒரு கண்ணை மூடிச் சிரிப்பான். அது அவனுடைய விசர்க்கதை என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான். மறந்து போனவன் வேறென்ன அர்த்தத்தில் கேட்பான்?

இப்போது எனக்கு ஒரு மகள். ஐந்து மாதம். முதல் தடுப்பூசி போட்ட இரவு அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் விட்ட பிறகும் நான் கிளினிக் அட்டையை எடுத்து எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது ஊசிக்கு ஒரு திகதி அதில் எழுதியிருந்தது. போடுவது என் கடமை என்று தெரியும். போடாவிட்டால் வரக்கூடிய நோய்களைப் பற்றி வாசித்தும் இருக்கிறேன். ஆனாலும் 'இரண்டாவது' என்ற சொல்லில் வந்து நின்றுவிடுவேன். கணவர், "படிச்ச நீரே இப்பிடிப் பயந்தா?" என்றார். படித்ததால்தான் பயம் என்று அவருக்குச் சொல்லவில்லை.

அந்தத் திகதியில் எங்களோடு கிளினிக்குக்குத் தம்பி வந்தான். இப்போது அப்பாவின் வயலை அவன்தான் செய்கிறான். குளவிக்கூடு கண்டால் வரம்பை விட்டு இறங்கிச் சேற்றுக்குள்ளால் சுற்றிப் போவான். அவ்வளவுதான், மற்றப்படி மாடுபோல உழைக்கிறான். மருமகளை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தான். நான் மருத்துவிச்சியிடம் இரண்டாவது ஊசி ஏன் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

"மூண்டாந்தரம் கேக்கிறீர் பிள்ளை," என்றார் அவர். "முதல் ஊசி காட்டி வைக்க. ரெண்டாவது மறக்காமல் இருக்க. போட்டபிறகு இருந்து பார்த்துப் போங்கோவன், ஆர் வேண்டாமெண்டது?"

எங்கள் முறை வந்தது. நான் மகளைத் தூக்கப் போனேன். தம்பி அவளைத் தரவில்லை. தானே எழுந்து, அவளுடைய சின்னத் துடையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தான்.

"இது பண்டிக்குட்டி, அக்கா," என்றான். "குளவி இல்லை. பயப்பிடாதை."

ஊசி போட்டார்கள். மகள் வீரிட்டு அழுதாள். அரை மணித்தியாலம் இருந்து பார்த்தோம். அவளுடைய உதட்டையும் உள்ளங்கையையும் நான் பார்த்த பார்வையில் மருத்துவிச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றும் இல்லை. மாமனின் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி மகள் தூங்கிப் போனாள். தம்பி அசையாமல் இருந்தான். அன்றைக்கு நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரு கண்ணை மூடிச் சிரித்திருப்பான்.

ஆறு வயதில், உதடு தடித்து, ஒரு கண் மூடி, ஆசுப்பத்திரிக் கட்டிலில் இருந்தபோது, அவன் வாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவுக்குப் பதில் சொன்னான். அவன் பார்த்ததை நானும் கண்டேன். என்ன பார்வை அது என்று ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.