ஹோல் வரைக்கும் வந்த வைஃபை

யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், சுருவிலில் எங்கள் வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர்கள் குறைவு. அந்தப் பெரிய வீட்டில் இருந்தது நானும் அம்மாவும் மட்டும்தான் என்பதை யாரும் யோசித்ததில்லை. ஒவ்வொரு நாளும் அதைக் கூட்டியவள் நான். எனக்குத் தெரியும் அதன் அருமை.

அப்பா தெற்கில் கடை வைத்திருந்த காலத்தில் கட்டிய கல்வீடு. சண்டைக் காலத்தில் பொம்பர் வந்து குண்டு போடத் தொடங்கியபோது நடு அறைக்கு மட்டும் உள்ளே இன்னொரு வரிசை கல் வைத்துச் சுவரைத் தடிப்பாக்கினார். நாங்கள் எல்லோரும் அதற்குள்தான் ஒடுங்கிக் கிடந்தோம். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபின்னும் அவருக்குப் பயம் போகவில்லை. அறையின் ஓட்டுக் கூரையைக் கழற்றிவிட்டு, கம்பியை நெருக்கிக் கட்டிக் கொங்கிறீட் போட்டார். "இனி ஒண்டும் உள்ளுக்கு வரேலாது" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னது பொய்யில்லை. வைஃபையும் வரவில்லை.

இடுப்பு முறிந்து அம்மா படுத்த படுக்கையானது அந்த அறையில்தான். அண்ணன் பிரான்சில் இருக்கிறார், ஒரே மகன். விசா இன்னும் சரிவரவில்லை. வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போக முடியாது, அங்கே மனைவி பிள்ளைகள். அம்மாவுக்கு இதெல்லாம் விளங்கும். "வா" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டது ஒன்றுதான். "அவன்ரை முகத்தைப் பாத்துக் கதைக்கவேணும். நான் கேக்கக் கேக்க அவன் சொல்லவேணும்." விழுவதற்கு முன் பின்னேரங்களில் முன்கூடத்து ஹோலில் கதிரை போட்டிருந்து அப்படித்தான் கதைத்தார்.

ரவுட்டர் ஹோலில் இருந்தது. அங்கே சிக்னல் கோடெல்லாம் நிறைந்து நிற்கும். நடு அறை வாசலைத் தாண்டினால் ஒரு கோடும் கிடையாது. வெறும் போன் சிக்னலுக்கே முற்றத்து வேம்பின் கீழ் போய் நிற்கிற வீடு எங்களுடையது. ரவுட்டரை அலுமாரிக்கு மேல் ஏற்றினேன். ஜன்னலில் கட்டினேன். குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன், வயர் எட்டவில்லை. சாண் ஏற முழம் சறுக்கிற கதைதான்.

யாழ்ப்பாணத்தில் இருந்து இந்த வேலை செய்கிற ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது வீடோ, கோட்டையோ?"

"நீர் வேலையைப் பாரும்."

அறை வாசலில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனார். அது சிக்னலை வாங்கி உள்ளே தள்ளுமாம். அன்று பின்னேரம் அண்ணனின் முகம் முதல் தடவையாக அந்த அறைக்குள் வந்தது. அம்மா கையை நீட்டிப் போனை வாங்கினார். முகம் அப்படியே நின்றுவிட்டது, ஒரு கண் பாதி மூடி, வாய் கோணி. குரல் துண்டு துண்டாக வந்து, அதுவும் நின்றது.

"ஏன் பிள்ளை இவன் இப்பிடி இருக்கிறான்? வாய் கோணிக் கிடக்கு. சுகமில்லையோ?"

"சிக்னல் அம்மா! சிக்னல்!"

"நீ மறைக்கிறாய். அவனுக்கு ஏதோ நடந்திட்டுது."

நான் கத்தினேன், அவர் அழுதார். அண்ணன் நல்ல சுகமாக இருக்கிறார் என்று நம்பவைக்க இரண்டு நாள் பிடித்தது. பிறகு அம்மா அந்தப் பெட்டியைத் தொடவே விடவில்லை.

"கட்டிலை ஹோலிலை போடுவம் அம்மா. அங்கை வடிவாய்த் தெரியும்" என்றேன் ஒருநாள். அம்மாவின் முகம் மாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஹோலில் ஆளைக் கிடத்துவது உயிர் போன பிறகுதான். தெற்கே தலை வைத்து, தலைமாட்டில் விளக்கேற்றி, ஊர் வந்து பார்க்கிற இடம் அது. ஹோலில் கட்டில் போட்டாச்சாம் என்றால் பொழுதுபடுவதற்குள் கதை கனடா வரைக்கும் போய்விடும்.

"என்னை ஹோலுக்குத் தூக்கிக்கொண்டு போறது ஒருக்காத்தான். அதுக்கு அவசரப்படாதை."

கதிரையில் வைத்துக் கொஞ்ச நேரம் என்றும் கெஞ்சிப் பார்த்தேன். மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அந்தப் பிடிவாதம் எனக்கும் இருப்பதால் அது அசையாது என்று தெரியும்.

பிறகு நான் தபால்காரியானேன். அம்மா பேசுவதை வீடியோ எடுத்து, ஹோலுக்குப் போய் அனுப்புவேன். அண்ணன் அனுப்புவதை ஹோலில் இறக்கி உள்ளே கொண்டுவந்து காட்டுவேன். முகம் நன்றாகத் தெரியும், குரலும் வரும். ஆனால் அம்மா அதோடு கதைக்கத் தொடங்கிவிடுவார்.

"சாப்பிட்டியோ ராசா?"

அண்ணன் அங்கே குளிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"நான் கேக்கிறன், அவன் தன்ரை பாட்டிலை கதைக்கிறான்."

அடுத்த நாள் வீடியோவில் "ஓம் அம்மா, சாப்பிட்டனான்" என்று பதில் வரும். அம்மாவுக்குக் கோபம் வரும். "நேற்றைய சோத்துக்கு இண்டைக்குப் பதில் சொல்லுறான்." எனக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுக் குசினிக்குப் போய் அழுவேன்.

திரும்பவும் அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். சுவரைத் துளைத்து வயரை உள்ளே கொண்டுபோய், அறைக்குள்ளேயே இன்னொரு ரவுட்டர் வைத்தால் ஒழிய வேறு வழியில்லை என்றார். அவரிடம் இருந்த துளைக்கும் கம்பி அந்தச் சுவருக்குப் பாதி நீளம்கூட இல்லை.

"நீளமானது எடுக்கவேணும் அக்கா. நல்லூர்த் திருவிழா நடக்குது, ஒருத்தரும் வேலைக்கு வரமாட்டினம். தேர் முடிஞ்ச அடுத்த நாள் விடிய வந்து நிப்பன்."

அம்மாவிடம் சொன்னேன். "முருகன்ரை தேர் முடியட்டும். நான் எங்கை ஓடப்போறன்?" என்றார். அன்று நல்ல சந்தோஷமாக இருந்தார். அண்ணனிடம் கேட்க வேண்டியவற்றை எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் சாப்பாட்டைப் பற்றியும் பிள்ளைகளின் இருமலைப் பற்றியும்தான்.

தேரன்று காலை பால் விடாத பிளேன்ரீ கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்தார். போதும் என்று கையால் காட்டினார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது அம்மா இல்லை.

அந்தத் தம்பி சொன்ன சொல் தவறாமல் அடுத்த நாள் விடிய வந்தார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வாசல் படலையில் சனத்தைக் கண்டதும் மோட்டார் சைக்கிளை மதிலோடு சாய்த்துவிட்டு நின்றார். நீளக் கம்பி பையில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் என்ன செய்வார், பாவம். அம்மாவின் அறைக்கென்று கொண்டுவந்த வயரை ஹோலுக்குள் இழுத்து, சனத்துக்குள்ளும் படம் நிற்காதபடி ரவுட்டரைக் கிட்ட வைத்து, அண்ணன் பார்ப்பதற்குப் போனைத் தலைமாட்டில் நிறுத்திக் கொடுத்தார்.

ஹோலில் அம்மா கிடந்தார். சிக்னல் கோடெல்லாம் நிறைந்து நின்றது.

அண்ணனின் முகம் வந்தது. நிற்கவில்லை, கோணவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய கை அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. சனம் ஒப்பாரியை நிறுத்தி அவரைப் பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

"அம்மா," என்றார். "நான் சாப்பிட்டிட்டன் அம்மா."

பச்சைப் பொய். சேதி கேட்டதிலிருந்து அவர் பச்சைத் தண்ணியும் குடிக்கவில்லை என்று அண்ணி எனக்குச் சொல்லியிருந்தார்.