முட்டை ஒவ்வாத அப்பா

என் அப்பாவுக்கு முட்டை ஒவ்வாது என்று நான் பொய் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. அதுவும் யாரிடம்? ஊசி போட வந்து நின்ற ஒரு நர்ஸம்மாவிடம், பத்து ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. விழுப்புரத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து யாரைக் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துபோனாள். அப்பாவுக்கு லேத் மெஷினில் இரும்பை மயிரிழை பிசகாமல் கடையத் தெரியும். அடுப்படியில் தெரிந்தது முட்டை ஒன்றுதான். காலையில் ஆம்லெட், டிபன் பாக்ஸில் முட்டைப் பொரியல், ராத்திரிக்கு முட்டைக் குழம்பு. சத்துணவில் முட்டை போடும் நாளில் பள்ளிக்கூடமே குதிக்கும், நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

அப்பா வேலை பார்த்த பட்டறையை அதன் முதலாளி மூடிவிட்டு, இடத்தைக் கல்யாண மண்டபம் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். ஆறு மாதம் வேலை தேடி அலைந்தும் ஒன்றும் அமையவில்லை. கடைசியில் திண்டிவனத்தில் இருந்த அத்தையும் மாமாவும் ஓர் ஏஜெண்டைப் பிடித்தார்கள். நைஜீரியாவில் பிளாஸ்டிக் பைப் செய்யும் கம்பெனியில் ஃபிட்டர் வேலை, மூன்று வருஷக் காண்டிராக்ட். அதுவரைக்கும் நான் அத்தை வீட்டில். எல்லோரும் கூடி உட்கார்ந்து இதைப் பேசி முடித்தார்கள். நானும் அதே அறையில்தான் மல்லாட்டையை உடைத்துக் கடலையை எடுத்துக்கொண்டிருந்தேன், என்னிடம்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா போகட்டும் போகட்டும் என்று அத்தனை பேரும் சொன்ன வேகத்தைப் பார்த்தால், அவர் ஏதோ எங்களுக்குப் பாரமாக இருந்த மாதிரி தோன்றியது.

ஏஜெண்ட் ஒரு தாள் கொடுத்திருந்தார். அந்த நாட்டுக்குப் போகிறவன் இங்கிருந்து கிளம்புமுன் என்னென்ன ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், என்னென்ன மாத்திரை கொண்டுபோக வேண்டும், எந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்று அதில் பொடி எழுத்தில் இருந்தது. கொசுவலை என்று படித்ததும் அத்தை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! முப்பத்தெட்டு வருஷம் விழுப்புரத்துக் கொசுவிடம் கடி வாங்கியவனை அந்த ஊர்க் கொசு என்ன செய்துவிடும் என்று கேட்டாள். மாமாவுக்கோ ஒரே பெருமை. பாண்டிச்சேரிக்கு வரும் வெள்ளைக்காரர்கள் நம்ம ஊர்த் தண்ணீருக்குப் பயந்து பாட்டிலைக் கட்டிக்கொண்டு அலைகிறார்களே, இப்போது நம்ம ஆளும் அந்த மாதிரி ஆகிவிட்டான் என்றார்.

அப்பா அந்தத் தாளைப் பட்டறைக்கு வரும் வரைபடம் போல வரி பிசகாமல் பின்பற்றினார். டைபாய்டு ஊசியை எங்கள் தெரு டாக்டரிடமே போட்டாயிற்று. வாரத்துக்கு ஒன்றாகச் சாப்பிட வேண்டிய மலேரியா மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்கள், கொசுக் களிம்பு எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போயின. புதுக் கொசுவலையைத் துணிக் கொடியில் கட்டி என்னை உள்ளே உட்காரவைத்து ஓட்டை இருக்கிறதா பார் என்றார். பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் தடவித் தடவிப் பார்த்தேன். ஓர் ஓட்டைகூட இல்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. வலை கண்ணில் குத்திவிட்டதா என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும் நம்ம பக்கம் கிடையாது. அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும், அங்கேயும் வாரத்தில் ஒரு நாள்தான். போட்டுக்கொண்டால் மஞ்சள் நிறத்தில் ஓர் அட்டை தருவார்கள், பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும். டிக்கெட்டுக்கு இருபது நாள் இருந்தது. இந்த வாரம் தப்பினால் அடுத்த வாரம், அதையும் விட்டால் லிஸ்டில் இருக்கும் அடுத்த ஆள் அப்பாவின் இடத்தில் பறந்துவிடுவான். மாமா இதை என் எதிரிலேயே மூன்று தரம் சொன்னார். வாய்ப்பாடு மண்டையில் ஏறாத எனக்கு இது மட்டும் ஒரே தடவையில் ஏறிவிட்டது.

பெரிய லீவு என்பதால் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஊசி போடும் இடத்தில் எல்லோரும் ஏதாவது ஒரு நாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். முதலில் போலியோ சொட்டு மருந்து. மீசை வைத்த தடித் தடி ஆட்களெல்லாம் வரிசையாக வந்து அண்ணாந்து வாயைத் திறந்தார்கள். அப்பாவும் திறந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்துவிட்டு, மருந்து கசக்கிறது என்று எனக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டிக் காட்டினார். இந்த மனுஷனைத்தான் மூன்று வருஷம் பார்க்க முடியாது என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

மஞ்சள் காய்ச்சல் மருந்து ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு இருக்கும், திறந்துவிட்டால் சீக்கிரம் போட்டுத் தீர்க்க வேண்டும். அப்பா பத்தாவது ஆள். நர்ஸம்மா ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டு டிக் அடித்துக்கொண்டே வந்தார். முட்டை ஒவ்வாதவர்களுக்கு இந்த ஊசி போட்டால் மூச்சு அடைத்துவிடும், அதனால் போடமாட்டோம் என்று முன்னால் இருந்த ஆளிடம் சொன்னார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அப்பாவின் முறை வந்தது. முட்டை சாப்பிட்டால் ஏதாவது செய்யுமா என்று நர்ஸம்மா கேட்டார். இல்லீங்க சிஸ்டர் என்றார் அப்பா.

"செய்யும். உடம்பெல்லாம் தடிச்சிக்கும். மூச்சு வாங்கும்" என்றேன் நான்.

எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம். நர்ஸம்மாவின் பேனா அப்படியே நின்றது. வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வெளிநாடு போற அவசரத்துல உயிரோட விளையாடாதீங்க சார். பொண்ணு சொல்றது நெஜமா?"

அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அறையப் போகிறார் என்றே நினைத்தேன்.

"ஆமாங்க" என்றார்.

ஒவ்வாமை இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள், இல்லாவிட்டால் போட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பொய்யை நான் அவ்வளவு ஜோராகச் சொல்லியிருக்கிறேன், அப்பாவே நம்பிவிட்டார் என்று நினைத்தேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டும் வெள்ளரிப் பிஞ்சும் கிடைத்தன. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். செங்கல்பட்டில் ஒரு தரம் கேட்டார்: "இன்னா பாப்பா, அப்பாகிட்ட எதுனா சொல்லணுமா?" இல்லை என்று தலையாட்டினேன். மேல்மருவத்தூர் தாண்டியதும் அதையே மறுபடி கேட்டார். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். திண்டிவனத்தில் இறங்கி அத்தை வீட்டுக்குப் போனபோது, ஒரே கூட்டம், அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள் என்று அப்பா ஒரு பொய்யைச் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க அப்பா சும்மா சும்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து தெருவுக்கு ஓடிவிடுவேன். ஆம்லெட் தின்னும்போது மட்டும் ஓரக்கண்ணால் அவர் கையைப் பார்ப்பேன், எங்கேயாவது தடிக்கிறதா என்று. அவரே வாய்விட்டு ஆமாம் என்று சொன்ன பிறகு எனக்கும் கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த வாரம் என்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் மஞ்சள் அட்டை. நான்கு நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல் அடித்தது. பாயில் முடங்கிப் படுத்தவரின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நான் சொன்ன பொய் பலித்து, மூச்சு அடைத்து அப்பா செத்துப்போனால் நான்தான் காரணம் என்று தோன்றியது. பொறுக்கமாட்டாமல், அப்பாவுக்கு முட்டை ஒவ்வாது என்று அத்தையிடம் போய்ச் சொன்னேன். அத்தை மாவு அரைத்துக்கொண்டிருந்த கையோடு வந்து என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். மறுநாள் அப்பா எழுந்து உட்கார்ந்து இரண்டு அவித்த முட்டை தின்றார். அதற்கடுத்த வாரம் போயே போய்விட்டார்.

மூன்று வருஷம் என்றது ஐந்தாக நீண்டது. அத்தை குறை வைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் எது கேட்பதென்றாலும் நான் முதலில் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். மாத்திரை போட்டியாப்பா, வலை கட்டினியாப்பா என்று கேட்பேன், அதோடு பேச்சு தீர்ந்துவிடும். அவர் திரும்பி வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் விருந்தாளிகள் மாதிரி இருந்தோம்.

போன மாதம் என் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு விழுப்புரம் வீட்டுக்கு வந்தேன். அப்பா அவள் காலை நீவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஏன் ஆமாம் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். பத்துப் பேர் நடுவில் பெற்ற பெண் பொய்க்காரி ஆகக்கூடாது என்றுதான் ஆமாம் போட்டார் என்பதே, வளர்ந்த பிறகு நானாக வைத்திருந்த பதில். அப்பா தலை நிமிராமலே பேசினார்.

"எல்லாரும் போ போன்னு நின்னாங்க. நீ ஒருத்திதான் போகாதேன்னே, அதுவும் ஊசி போடறவங்ககிட்ட. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுவேன்னு அந்த வாரம் பூரா பார்த்துக்கினு இருந்தேன் பாப்பா. சொல்லியிருந்தா இருந்திருப்பேன்."

நான் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த வாரம் பூரா நான் எதற்காக அவ்வளவு கெட்டியாக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தால் பொய் வெளியே வந்துவிடும், அப்புறம் அப்பா போய்விடுவார் என்றுதான்.