இடுப்பு உயரத்தில் ரசப்பொடி

எங்கள் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழையும்போதே எனக்குப் பாதி கோபம் வந்துவிடும். வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கையில் திணிப்பார்கள், நான் என்னவோ திருட வந்தவள் மாதிரி. கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டு பில் போடப் போனால், "எடை ஸ்டிக்கர் ஒட்டலீங்களே" என்று கடைக்கோடிக்குத் திருப்பி அனுப்புவார்கள். வருவதற்குள் வரிசையில் என் இடம் போயிருக்கும். பிறகு போன் நம்பர். நாலு தக்காளிக்கு எதற்கு நம்பர் என்று ஒருநாள் கேட்டேன். "பாயிண்ட்ஸ் ஏறும்மா" என்றார்கள். அது எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இவ்வளவு திட்டினாலும் வாரம் இரண்டு நாள் போகாமல் இருக்க மாட்டேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கணவருக்கு முழங்கால் வலி, மாடிப்படி இறங்குவதில்லை. ஸ்ரீரங்கத்தில் இத்தனை வீதி இருந்தும், யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் நானாகப் போய்வரும் இடம் இப்போது அந்தக் கடை ஒன்றுதான்.

ஆறு மாதத்துக்கு முன் தில்லை நகர் கண் டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். என் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறதாம். நடக்கலாம், சமைக்கலாம், எதிரே ஆள் வருவது தெரியும். ஆனால் எதை நேராகப் பார்க்கிறேனோ அதுதான் மங்கும். எழுத்து எனக்குப் போய்விட்டது. வீட்டில் வந்து, "பவர் மாறியிருக்காம்" என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் என்னை வாசல் தாண்ட விடமாட்டார்கள் என்று பயம்.

கடையில் எண்ணிக்கையை வைத்துச் சமாளித்தேன். நுழைந்ததும் வலது பக்கம், மூன்றாவது வரிசை, இடுப்பு உயரத்தில் ரசப்பொடி. அதற்குக் கீழே முழங்கால் உயரத்தில் ரவை. ஆமாம், ரசப்பொடியை நான் பாக்கெட்டில்தான் வாங்குகிறேன். இடித்துச் சலித்த காலமெல்லாம் போதும், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

ஒரு வாரம் மிளகு ரசப்பொடி இருக்கும் இடத்தில் பூண்டு ரசப்பொடியை அடுக்கிவிட்டார்கள். அதே அளவு, அதே வழவழப்பு. எங்கள் வீட்டில் ரசத்துக்குச் சாத்தமுது என்று பெயர். பூண்டு வாசற்படி ஏறாது. பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணிவிட்டுத்தான் நாங்கள் சாப்பிடுவோம். நாலு நாள் பெருமாளும் பூண்டு ரசம் அமுதுசெய்தார். என் கணவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கி, "இன்னிக்குச் சாத்தமுது அலாதியா இருக்கே" என்றார். பெருங்காயத்தை நான் தாராளமாகப் போடுவேன். பூண்டு எப்படி மணக்கும் என்பதும் எங்கள் இருவருக்கும் சரியாகத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் பாக்கெட்டைப் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா இது? பூண்டுன்னு இவ்ளோ பெரிசா போட்டிருக்கு!"

"மறதியா எடுத்துட்டேன் போலிருக்கு" என்றேன். கண்ணைச் சொல்வதைவிட மறதியைச் சொல்வது மேல் என்று அப்போது தோன்றியது.

அவள் திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது, அவள் முகமும் இப்போது எனக்கு மங்கல்தான். "இனிமே நீ தனியா கடைக்குப் போக வேண்டாம்மா. அடுத்த ஞாயிறு வந்து உன் போன்ல ஆப் போட்டுத் தரேன், எல்லாம் வீட்டுக்கே வந்துடும்" என்றாள், மெதுவாக. அந்த மெதுவான குரல்தான் என்னைக் கலக்கியது. எனக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு தப்பும் இல்லாமல் சாமான் வாங்கிக் காட்டிவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

புதன்கிழமை போனேன். வலது பக்கம், மூன்றாவது வரிசை, இடுப்பு உயரம். கையை விட்டால் ஷாம்பூ. முழங்கால் உயரத்தில் பாத்திரம் தேய்க்கும் நார். கடை முழுவதையும் தலைகீழாக மாற்றி அடுக்கியிருந்தார்கள். புது இடத்தில் தேடினால் வேறு நாலு சாமானும் சேர்த்து வாங்குவார்களாம், அப்படி ஒரு தந்திரம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நீலச் சட்டை போட்ட பெண் ஒருவர் பக்கத்தில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். குரலை வைத்துப் பார்த்தால் நாற்பது வயது இருக்கலாம். மணப்பாறையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர் என்று பிற்பாடு தெரிந்தது.

"ரசப்பொடி எங்கம்மா?"

"அதோ, அங்க இருக்குங்க."

"எங்க?"

"அதோ தெரியுது பாருங்க."

அப்போதுதான் சொன்னேன். கணவரிடமும் பெற்ற பெண்ணிடமும் சொல்லாததை, ஷாம்பூ பாட்டில்களுக்கு நடுவில் நின்றுகொண்டு முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னேன்.

"எனக்குக் கண்ணு தெரியலம்மா. எழுத்து படிக்க முடியல."

அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"கண்ணாங்க? நான் உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னுல்ல நெனச்சேன்! எங்கம்மாவும் இப்படித்தான், பாக்கெட்டத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. போன தடவ நீங்க பூண்டுப் பொடிய எடுத்தப்ப பாத்தேங்க. நெத்தியில ஸ்ரீசூர்ணம் இருக்கு, இவங்க பூண்டு சேக்க மாட்டாங்களேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நாலு பேரு முன்னாடி சொன்னா சங்கடப்படுவீங்களேன்னு விட்டுட்டேங்க."

முப்பது வருஷத் தமிழாசிரியை படிக்காதவள் ஆகிவிட்டாள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து வரிசை வரிசையாக அழைத்துப் போனார். ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் ஒரு பிள்ளை பாடம் ஒப்பிப்பது போலப் படித்தார். "மிளகு, சீரகம், துவரம்பருப்பு, மல்லி. பூண்டு இல்லீங்க." கத்தரிக்காய்க்கு அவரே ஸ்டிக்கர் ஒட்டினார். "செவ்வாய், புதன் கூட்டம் இருக்காதுங்க, வந்து என்னையக் கேளுங்க" என்றார். அந்தக் கடையை நான் திட்டிய திட்டுக்கெல்லாம் அந்த ஒரு மணி நேரம் ஈடாகிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று பெருமாளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து அலமாரியிலிருந்து பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கேம்மா" என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னதும் மனசு எவ்வளவு இலேசானது என்று எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. உட்காரவைத்துச் சொன்னேன். டாக்டர் சொன்னது, ஆறு மாதமாக மறைத்தது, கடையில் அந்தப் பெண் படித்துக் காட்டியது, எல்லாம். மறதி என்று அன்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன்.

அவள் பாக்கெட்டுகளைத் திரும்ப அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் சொன்னாள், என் மறதிக்காக மறுநாள் காலைக்கு என் பெயரில் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தாளாம். போன ஞாயிறு முதல் அவளுக்குச் சரியான தூக்கமில்லையாம். ஒருநாள் தன்னையே அம்மாவுக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள்.

என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, நான் பார்க்க முடிகிற பக்கமாகத் தன் முகத்தை நகர்த்திக்கொண்டாள்.

"கண்ணு மட்டும்தானாம்மா?" என்றாள். "சத்தியமா, கண்ணு மட்டும்தானா?"