இரண்டு சகாயமேரிகள்

1. டீ ஆறுவதற்குள்

"இனிமே உங்க ரூமே காலியாகிடும், கலாவதி" என்று எங்கள் டாக்டரம்மா சந்தோஷமாகச் சொன்ன அன்று என் வேலையே போய்விடும் என்றுதான் பயந்தேன். உத்தமபாளையத்தில் சிறிய தனியார் மருத்துவமனை எங்களுடையது. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எனக்கு அப்போது இருபது வருஷம் ஆகியிருந்தது. எந்த நோயாளியின் கோப்பு எந்தத் தட்டில் இருக்கிறது என்பதுதான் என் வித்தை.

எங்களுக்குப் பெரிய தலைவலி, ஒரே ஆளுக்கு மூன்று நான்கு ஓ.பி. நம்பர் இருப்பது. பழைய சீட்டு இல்லாமல் வருகிறவருக்குக் கூட்ட நேரத்தில் கவுண்டரில் புது நம்பர் போட்டுவிடுவார்கள். பெயரையும் இங்கிலீஷில் ஆளுக்கொரு மாதிரி அடிப்பார்கள். இதைச் சரிசெய்ய, எல்லாக் கோப்புகளையும் ஸ்கேன் செய்து, ஒரே ஆளின் நம்பர்களை ஏ.ஐ. மூலம் கண்டுபிடித்து ஒன்றாக்கும் சாஃப்ட்வேரை வாங்கினார்கள். அதைப் பொருத்த கோயம்புத்தூரிலிருந்து ஜெயபால் வந்தார். நாற்பது வயதைத் தாண்டிய நிதானமான மனிதர்.

முதல் வாரமே எனக்கு ஒரு குட்டு விழுந்தது. சின்னமனூர் வாழை விவசாயி செல்லத்துரையின் பழைய ஹார்ட் ஸ்கேனை இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஜெயபாலின் மெஷின், என் டீ ஆறுவதற்குள் அதை எடுத்துக் கொடுத்துவிட்டது. பெயரில் ஓர் எழுத்தும் வயதில் பத்தும் தப்பாகப் பதிவாகியிருந்தன.

"ரெண்டு நாளா அலைய விட்டீகளே தாயி! இந்தப் பொட்டிய மொதல்லயே வாங்கியிருக்கக் கூடாதா?" என்றார் செல்லத்துரை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றோடு என் பயத்தில் பாதி போயிற்று.

2. பச்சைப் பட்டியல்

மெஷின் இரண்டு பட்டியல் போட்டது. சந்தேகமானவை மஞ்சள். உறுதியாக ஒரே ஆள் என்றால் பச்சை. பச்சை மொத்தத்தையும் சனிக்கிழமை சாயங்காலம் தானாகவே சேர்த்துவிடுவதாக ஏற்பாடு.

"நான் ஒருதடவ பாத்துர்றேனே" என்றேன்.

"ஏனுங்க மேடம், பேரு, ஊரு, வயசு, புருஷன் பேரு, போன் நம்பர் எல்லாமே ஒத்துப்போனாத்தானுங்க பச்சை விழும். எத்தனைன்னு பார்ப்பீங்க?" என்றார் ஜெயபால்.

எத்தனை முடியுமோ அத்தனை என்று உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டியலில் ராயப்பன்பட்டி சகாயமேரியின் பெயர் வந்தது. கணவர் அந்தோணி. வயது ஐம்பத்திரண்டு. இரண்டு நம்பரிலும் ஒரே போன். எல்லாம் சரிதான். ஆனாலும் பழக்கதோஷத்தில் ஸ்கேன் செய்த பக்கங்களைத் திறந்து படித்தேன். ஒரு கோப்பில், எங்கள் மருத்துவமனையிலேயே ஆபரேஷன் செய்து குடல்வாலை எடுத்திருக்கிறார்கள். இன்னொன்றில், அதற்கு நான்கு வருஷம் கழித்து வயிற்றுவலி என்று வந்து எடுத்த ஸ்கேனில் குடல்வால் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறது.

எடுத்த குடல்வால் திரும்ப முளைக்குமா?

அடுத்த பக்கத்தையும் திறந்தேன். குடல்வால் எடுத்த சகாயமேரிக்குப் பென்சிலின் அலர்ஜி. திங்கட்கிழமை பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் வைத்திருப்பதும் அவருக்குத்தான். மற்ற கோப்பில் 'அலர்ஜி இல்லை' என்று போன வாரம்தான் பதிவு செய்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்தால் கடைசித் தேதியில் உள்ள பதில்தான் திரையில் நிற்கும்.

அந்தப் போனுக்குக் கூப்பிட்டேன்.

"சகாயமேரிங்களா?"

"ஆமா, எந்தச் சகாயமேரி வேணும் ஒங்களுக்கு? கெணத்து வீட்டுச் சகாயமேரின்னா நாந்தேன். பேண்டு மாஸ்டர் வீட்டுச் சகாயமேரின்னா பக்கத்து வீடு. இருங்க, சத்தம் குடுக்கேன்."

இரண்டு பேரையும் நேரில் வரச் சொன்னேன். மறுநாள் காலை ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஜெயபாலைக் கவுண்டருக்குக் கூட்டி வந்து நிறுத்தினேன்.

"ரெண்டு பேரும் ஏன் ஒரே நம்பரக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"எங்கிட்டப் போனே கெடையாது. யாரு கூப்பிட்டாலும் இவ செவரத் தாண்டிச் சொல்லிப்புடுவா. நல்லாத்தான நடந்துக்கிட்டிருக்கு?" என்றார் பேண்டு மாஸ்டர் வீட்டுச் சகாயமேரி.

"புருஷன் பேரும் ஒண்ணா இருக்குதுங்களே!" என்றார் ஜெயபால்.

"பேருதேன் சார் ஒண்ணு. ஆளு வேற வேற!" என்றார் கிணற்று வீட்டுச் சகாயமேரி. கவுண்டரில் நின்ற கூட்டமே சிரித்தது. டாக்டரம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் அன்று சாயங்காலம் கோப்புகளைச் சேர்க்கும் வேலையை அங்கேயே நிறுத்தினார்.

ஜெயபால் என்னிடம் வந்து, "நீங்க படிச்சதை மெஷினும் படிக்கோணுமுங்க. அதைப் படிக்க வைக்காம விட்டது என் தப்புங்க" என்றார். தப்பை இவ்வளவு லேசாக ஒப்புக்கொள்கிற ஒருவரை அதுவரை எந்த ஆபீசிலும் நான் பார்த்ததில்லை.

3. ஊரில் எப்படிக் கூப்பிடுவாக?

அதன்பிறகு, மெஷின் கோப்பின் உள்ளேயும் படித்தது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத விவரம் இருந்தால் சிவப்புக் காட்டியது. எந்தப் பட்டியலையும் ஆள் பார்க்காமல் சேர்ப்பதில்லை என்றானது. பதிவில் புதிதாக ஒரு கட்டமும் வந்தது: ஊரில் அழைக்கும் பெயர்.

அந்தக் கட்டத்தால் கவுண்டரே கலகலப்பானது. "மிலிட்டரிக்காரக வீடுன்னு போடுங்க" என்று ஒருவர் மார்பை நிமிர்த்திச் சொல்வார். கம்பத்திலிருந்து வந்த ஒரு பெண், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, "கோழிமுழுங்கி வீடும்பாக. சத்தமா மட்டும் கூப்பிட்டுறாதீக" என்றார்.

பேண்டு மாஸ்டர் வீட்டுச் சகாயமேரிக்கு அந்தத் திங்கட்கிழமை ஆபரேஷன், பென்சிலினுக்குப் பதில் வேறு மருந்து கொடுத்து நல்லபடியாக முடிந்திருந்தது. துணைக்கு இருந்தவர் கிணற்று வீட்டுச் சகாயமேரி. நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் கட்டிலிலிருந்து ஒரு குரலும் ஸ்டூலிலிருந்து ஒரு குரலும் சேர்ந்து வந்தன.

என் அறை காலியானது உண்மைதான். என் நாற்காலியைப் பதிவு கவுண்டருக்குப் பக்கத்தில் போட்டார்கள். தேடுகிற வேலை மெஷினுக்கு, கேட்கிற வேலை எனக்கு. போன வருஷம் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மெஷின் உங்களுக்கு நேரம் மிச்சப்படுத்திக் கொடுக்கும். அந்த நேரத்தில் எதிரே நிற்கிறவரிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். இருபது வருஷம் கோப்புகளைத்தான் எனக்குத் தெரியும். கடைசி மூன்று வருஷத்தில்தான் ஆட்களைத் தெரிந்துகொண்டேன்.