ஆறிலிருந்து எட்டு வாரம்

என் மகன் டெல்ஃபின் லாஸ் வேகாஸுக்கு ஓடிப்போனபோது இரண்டு பேரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். ஒருத்தி அவன் மனைவி பெனில்டா. இன்னொருத்தி அவர்கள் மகள் மைலா. அவனைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு விருப்பமில்லை, பேசினால் அன்றைக்குச் சோறு இறங்காது. நான் சொல்ல வந்தது பெனில்டாவைப் பற்றி.

பிலிப்பைன்ஸில் எங்கள் இலோகோஸ் பக்கத்திலிருந்து பதினோரு வயதில் ஹவாயின் கவாய் தீவுக்கு வந்தவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு கடற்கரை ஹோட்டலின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். ஒன்பது வருடம் ஊர்பேர் தெரியாதவர்கள் படுத்தெழுந்த விரிப்புகளை மடித்தாள். என்னென்ன கறை பார்த்திருக்கிறாள் என்று சொன்னால் நீங்கள் ஹோட்டல் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டீர்கள். அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. முகம் சுளிப்பதெல்லாம் என் வேலை.

அவள் அப்பா படுக்கையில் விழுந்தபோது ரத்தம் எடுத்து, விமானத்தில் ஒஹாஹு தீவுக்கு அனுப்பினார்கள். இங்கே அந்தச் சோதனையைச் செய்ய ஆளில்லையாம். முடிவு திரும்பி வந்த நாளில் அவரைப் புதைத்து நான்கு நாள் ஆகியிருந்தது. பெனில்டா உறையைப் பிரித்துப் படித்தாள். விரிப்பை மடிப்பது போலவே அதை நான்காக மடித்து வைத்தாள். அடுத்த மாதம் தீவுக் கல்லூரியில் பெயர் கொடுத்தாள். ரத்தம் சோதிக்கிற படிப்பைப் படித்துவிட்டு இங்கேயே வந்து வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

தீவுக் கல்லூரியில் பாதிப் படிப்புதான் உண்டு. வேலைக்குப் போய்க்கொண்டே நான்கு வருடத்தில் அதை முடித்தாள். மீதிப் பாதிக்கு ஒஹாஹுவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும். அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை, வாய் கசக்கும்.

மைலா என்னோடு இருப்பதென்று முடிவாயிற்று. பெனில்டா என்னை நானாங் என்பாள், எங்கள் பேச்சில் அம்மா என்று அர்த்தம்.

"ரெண்டே வருஷம் நானாங். அதுக்கு மேல ஒரு நாள் ஆகாது."

மைலா விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "அப்போ எனக்கு எட்டு வயசு," என்றாள்.

ஜூலை முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில் பாடத்திட்டம்தான். ஒரு பாடத்துக்கு ஒரு சீட்டு. அடுக்குவாள், கலைப்பாள், மறுபடி அடுக்குவாள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் சீட்டுகளுக்குச் சாயம் தீட்டினாள். பச்சைச் சீட்டு கரிம வேதியியல். முதல் பருவத்தில் அதை எடுத்தால்தான் மற்றதெல்லாம் அதன் மேல் ஏறும். அது ஆகஸ்டில் மட்டும்தான் தொடங்கும். விட்டால் அடுத்த ஆகஸ்ட், இரண்டு வருடம் மூன்றாகிவிடும்.

ஆகஸ்டில் இருவருமாக விமானம் ஏறினோம். மைலாவை அவள் அத்தை வீட்டில் விட்டிருந்தேன். திங்கட்கிழமை வகுப்புத் தொடக்கம், அதற்கு முந்தின புதன்கிழமைதான் ஆலோசகரைப் பார்க்க நேரம் கொடுத்திருந்தார்கள். அங்கேயே படித்துவருகிறவர்கள் ஏப்ரலிலேயே பாடங்களைப் பதிந்துவிடுவார்கள். வெளியிலிருந்து மாறி வருகிறவர்களுக்கு அவர்கள் விட்ட மிச்சம்தான்.

வெறுங்கையோடு யார் வீட்டுக்கும், எந்த அலுவலகத்துக்கும் போகிற வழக்கம் எங்களுக்கில்லை. மரவள்ளிக்கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பால் ஊற்றி, மேலே பாகு படியச் சுட்ட கேக்கை என் கண்ணாடித் தட்டோடு எடுத்துப் போனேன்.

ஆலோசகரின் பெயர் டிரேசி. சின்னப் பெண்தான். மூடியைத் திறந்தவள் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"ஆன்ட்டி, நீங்களே பண்ணதா? நான் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

சாப்பிடட்டும், அதற்குத்தானே கொண்டுபோனது. ஆனால் பாகு ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாக நக்கினாள். நக்கிய விரலால் பெனில்டாவின் காகிதங்களைப் புரட்டினாள். நான்கு வருடமாக ஒரு மடிப்பு விழாமல் அவள் காப்பாற்றி வைத்திருந்த காகிதங்கள். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் எண்ணெயாக ஒரு கட்டைவிரல் பதிந்தது. என் கையால் செய்த பண்டம் எனக்கே பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

"உங்க வேதியியல்ல செய்முறை இல்லையே," என்றாள்.

"இருக்குங்க. செவ்வாய்க்கிழமை பாடம் முடிஞ்சதும் செய்முறைதான்," என்றாள் பெனில்டா.

"மாறி வர்றதுக்கான படிவத்துல ஒரு பாட நம்பர்தான் எழுதியிருக்கீங்க. செய்முறைக்குத் தனி நம்பர் உண்டு."

தப்பு எங்கள் பக்கம்தான். சின்னத் தீவில் ஒரே ஆசிரியர், ஒரே அறை. பாடம் முடிந்ததும் மேசையை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடிக் குடுவைகளை எடுத்து வைப்பார்கள். எல்லாருக்கும் அது ஹெரால்ட் சாரின் செவ்வாய்க்கிழமை வகுப்பு. அது இரண்டு வகுப்பு என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

"மதிப்பெண் பட்டியல்ல அடுத்த வரியிலயே இருக்கு, பாருங்க."

"பட்டியல்ல இருக்கு, இல்லைன்னு நான் சொல்லல. படிவத்துல இல்ல. புதுசா எழுதிக் குடுங்க, கமிட்டி பாக்கும். ஆறுலேர்ந்து எட்டு வாரம் ஆகும்."

"திங்கக்கிழமை வகுப்பு ஆரம்பிக்குதே."

"ஆமா," என்று இரண்டாவது துண்டை எடுத்தாள். "அதுவரைக்கும் ஆரம்ப வேதியியலையே திரும்ப எடுங்க, நல்லா மனசுல நிக்கும். அப்புறம் மாறி வர்றவங்களுக்கு பல்கலைக்கழக வாழ்க்கைன்னு ஒரு பாடம், கட்டாயம். நேரத்த எப்படிப் பிரிச்சுக்கறதுன்னு சொல்லித் தருவாங்க."

காலை ஐந்து மணிக்குச் சலவைக்கூடம், மதியம் குழந்தை, சாயங்காலம் கல்லூரி என்று நான்கு வருடம் ஓடியவளுக்கு நேரத்தைப் பிரிக்கச் சொல்லித் தருவார்களாம். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"ஏம்மா, அந்த ஒரு வரிய இந்தத் தாள்லயே இப்ப எழுதிட்டா ஆகாதா?"

"சிஸ்டம் ஒத்துக்காது ஆன்ட்டி."

"என் கேக்கை மட்டும் ஒத்துக்கிச்சே."

பெனில்டா புதுப் படிவத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, என் முழங்கையை அழுத்தி வெளியே கூட்டிவந்தாள். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து சீட்டுகளை எடுத்தாள். பச்சையை உருவிவிட்டு மற்றதை அடுக்கிப் பார்த்தாள், எதுவும் நிற்கவில்லை.

"மூணு வருஷமா இருந்துட்டுப் போகட்டும் நானாங்."

"அப்படின்னா மைலாகிட்ட நீயே போய்ச் சொல்லு. என் வாயால சொல்ல மாட்டேன். உன் செய்முறை நோட்டு எங்க?"

"பெட்டியில. அது எதுக்கு?"

"எடுத்துட்டு வா. இந்தப் பச்சைச் சீட்டுப் பாடத்த நடத்துறவரு எங்க இருக்காரு?"

"அப்படியெல்லாம் நேராப் போகக் கூடாது. முதல்ல ஆலோசகர்."

"ஆலோசகரப் பாத்தாச்சு. அவ பல்லுல ஒட்டினதையும் பாத்தாச்சு. நட."

மறுநாள் போனோம். ஒகிமோட்டோ என்ற அந்தப் பேராசிரியர் ஆய்வகத் தொட்டியருகே நின்று தானே சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என் தட்டு டிரேசியிடம் மாட்டிக்கொண்டதால் வெறுங்கையோடு நின்றேன், கூச்சமாக இருந்தது. அவர் கையைத் துடைத்து, நன்றாகக் காயவைத்த பிறகுதான் நோட்டைத் தொட்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஒரு பக்கத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

"இது என்ன?"

"ஆசிட், சார். வேகமா ஊத்திட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மெதுவா ஊத்தினேன்."

அவர் சிரித்தார். செய்முறை இல்லாதவள் நோட்டில் ஓட்டை எப்படி வரும் என்று கேட்டுக்கொண்டே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். "சிஸ்டம் கேட்டா என்னை வந்து கேக்கச் சொல்லு. ஆனா இடம் நிரம்பிடுச்சு, யாராவது விலகுற வரைக்கும் நிக்கணும்."

இரண்டு வாரம் பின்சுவரோரம் நின்றபடியே குறிப்பெடுத்தாள். சலவைக்கூடத்துக் கால்கள், நிற்பதற்கு அழவில்லை. மூன்றாவது வாரம் யாரோ விலக, இடம் கிடைத்ததாம்.

நான் ஊருக்குத் திரும்பும் முன் டிரேசியிடம் தட்டை வாங்கப் போனேன். கைகழுவுகிற தொட்டியில், ஊறிப்போன டீப் பைகளுக்கு அடியில் அது கிடந்தது. யாரோ அதில் காறித் துப்பியது போல ஒரு வழவழப்பு.

"ஆன்ட்டி, அது எப்படிப் பண்றதுன்னு சொல்லுங்களேன்," என்றாள் டிரேசி.

"படிவத்துல கேளும்மா. ஆறுலேர்ந்து எட்டு வாரம் ஆகும்."

டிசம்பரில் பெனில்டா வீட்டுக்கு வந்தாள். கரிம வேதியியலில் வகுப்பிலேயே மூன்றாவது. நேரத்தைப் பிரிக்கும் பாடத்திலும் தேறிவிட்டாள், ஒரு வட்டம் வரைந்து அதில் தூக்கத்துக்குச் சாயம் தீட்டினாளாம். அவள் வந்த மறுநாள் கமிட்டியின் கடிதமும் வந்தது, பதினாறாவது வாரம்.

மேசையருகே நின்றபடியே எனக்குப் படித்துச் சொன்னாள். செய்முறை போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை. ஆகவே கரிம வேதியியல் படிக்க இவருக்குத் தகுதியில்லை. ஆரம்ப வேதியியலை முதலில் எடுக்கவும்.

படித்து முடித்ததும் நான்காக மடித்தாள். அந்த மடிப்பை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். இந்த முறை அதை அலமாரிக்குப் போக விடவில்லை, கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"அது வேணும் நானாங், பதில் எழுதணும்."

"ஜனவரிப் பாடத்துக்கு யார் கையெழுத்து?"

"ஒகிமோட்டோ சார் போட்டுட்டாரு."

"அப்போ இது எதுக்கு?"

பின்வாசலில் கருவாடு காய்கிற தட்டில் அதைத்தான் விரித்திருக்கிறேன். இரண்டு நாளில் எழுத்தெல்லாம் எண்ணெயில் ஊறிப்போயிற்று. மைலா மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகிறாள். அவளுக்கு இப்போது ஏழு. எட்டு முடிவதற்குள் அவள் அம்மா வந்துவிடுவாள்.